ப்ரபோசல் எந்த இடத்தில் நின்றது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

போன மாதம் ஒரு சின்ன மகளிர் சங்கத்தின் செயலாளர் அக்கா, துணிப்பை நிறைய, நிதி கேட்டு எழுதிய ப்ரபோசல்களை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்கக் கடலூருக்கு வந்தார். இரண்டு வருடத்தில் ஐந்து அனுப்பியிருக்கிறார், ஐந்தும் கைகூடவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் செய்தது ஒன்றுதான், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்கிறார், முன்பைவிட அழகான ஆங்கிலத்தில். ஒவ்வொன்றும் எப்படி நின்றது என்று கேட்டேன். ஒன்றுக்குப் பதிலே இல்லை. இரண்டு, ஆவணம் போதவில்லை என்று திரும்பின. ஒன்றில் பட்ஜெட்டைப் பற்றி ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கடைசி ஒன்றுக்கு ஆளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார், அதோடு சரி.

ஐந்தும் நின்றது நான்கு வெவ்வேறு இடத்தில். ஆங்கிலத்தை மெருகேற்றினால் தீருகிற கோளாறு அதில் ஒன்றுகூட இல்லை. 2011 கடைசியில் தானே புயல் அடித்ததற்குப் பிறகு நான் இந்த வேலைக்கு வந்தேன், அன்றிலிருந்து இந்தக் கரையோரச் சங்கங்களோடுதான் இருக்கிறேன். நல்ல வேலை செய்கிறவர்கள் எங்கே தவறியது என்று தெரியாமலே சோர்ந்துபோவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் ப்ரபோசல் எங்கே நின்றதோ அந்தப் பகுதியை மட்டும் படித்துக்கொண்டாலும் போதும்.

அறிகுறி: அனுப்பினேன், பதிலே வரவில்லை

பெரும்பாலும் யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். தகுதி வரியிலேயே தள்ளிவிட்டார்கள். எழுத்தைத் தொடாதீர்கள், ஃபண்டரின், அதாவது பணம் தருகிறவரின், வழிகாட்டுதலை மறுபடி எடுத்து நான்கு விஷயம் பாருங்கள்: எந்த ஊருக்குத் தருகிறார்கள், எந்தத் துறைக்கு, எவ்வளவு தொகை, எப்படிப்பட்ட அமைப்புக்கு.

ஊர் என்பதில் நம் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி ரோட்டில் கிளம்பினால் முள்ளோடை தாண்டியதும் யூனியன் பிரதேசம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் அந்தப் பக்கம். கொஞ்சம் உள்ளே திரும்பினால் பாகூர் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. நமக்கு அது ஒரே ஊர்மாதிரி, சம்பந்தம் பண்ணுகிறோம், சந்தைக்குப் போகிறோம். ஃபண்டரின் தாளில் "தமிழ்நாடு மட்டும்" என்று இருந்தால், நீங்கள் பட்டியலில் சேர்த்த ஒரே ஒரு பாகூர்க் கிராமம் மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். ஒவ்வொரு கிராமத்துக்கும் பக்கத்தில் வட்டம், மாவட்டம், மாநிலம் எழுதிப் பாருங்கள், அப்போதுதான் கண்ணில் படும்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று அவை ஒதுக்கும் நிதி, என்றால் இன்னொரு கணக்கு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி செலவிட வேண்டும். அந்தச் செலவு அதே சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள தலைப்புகளுக்குள் வர வேண்டும், தாங்கள் இயங்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. அதனால் மும்பையில் இருக்கிற பெரிய பெயருக்கு மெயில் மேல் மெயில் போடுவதற்கு முன், கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் புதுச்சேரித் தொழிற்பேட்டைகளிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பட்டியல் எடுங்கள். உங்கள் திட்டம் ஏழாம் அட்டவணையில் எந்த இனத்தில் வருகிறது என்பதை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள், அவர்கள் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: "ஆவணங்கள் முழுமையாக இல்லை" என்று திரும்பியது

இது எளிதில் தீரும், ஆனால் தீர்க்காமலேயே அடுத்த இடத்துக்கு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் பெயர். பதிவுச் சான்றிதழ், பான், வங்கிப் பாஸ்புத்தகம், 12ஏ ஆணை (அமைப்புக்கு வருமான வரி விலக்கு), 80ஜி ஆணை (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை), தொண்டு அமைப்புகளுக்கான அரசின் டார்பன் போர்ட்டல் பதிவு, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து உங்கள் அமைப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் "டிரஸ்ட்" இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சங்கத்தின் பெயரில் ஒரு எழுத்து கூடியிருக்கும். நமக்கு அற்பமாகத் தெரியும், ஆவணம் சரிபார்க்கிறவருக்கு அவை இரண்டு வெவ்வேறு அமைப்புகள்.

அடுத்து தேதி. 12ஏ ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்ற காலம் 2021 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இப்போது அதற்கும் 80ஜிக்கும் காலாவதி உண்டு, புதிய அமைப்பு என்றால் முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகமாகத்தான் கிடைக்கும். ஆணையில் கடைசித் தேதியைப் பார்த்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். அப்புறம் 2025இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பழைய பிரிவு எண்கள் மாறுகின்றன, படிவத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிஎஸ்ஆர் பணத்துக்கு சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும், இது 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி அமைப்பு என்றால் 12ஏ, 80ஜி இரண்டும் வேண்டும், இதே மாதிரியான வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். போன வருடம்தான் பதிவு செய்தீர்கள் என்றால் இந்தக் கதவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஊரில் நன்கொடை திரட்டிச் செய்யும் வேலையைக் கணக்கு எழுதி, படம் எடுத்து, ஆண்டறிக்கை போட்டு வைத்தால் அந்த மூன்று வருடமே பின்னால் உங்கள் சான்று.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம். சாதாரணமாக அதில் பதிவு வாங்க அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் குறிக்கோளுக்காகக் குறைந்தது 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் வந்து இறங்குவது டெல்லியில் ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் உள்ள கணக்கில்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. சுனாமிக்குப் பிறகு பெரிய அமைப்பு வாங்கி நம்மைப் போன்ற சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்த அந்த முறை இப்போது கிடையாது, அதை நம்பி யாரும் திட்டம் போடாதீர்கள்.

அறிகுறி: "நல்ல முயற்சி, ஆனால் இந்த முறை தேர்வாகவில்லை"

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அதிகம் பேர் விழுகிற இடம் இதுதான். தகுதி இருந்தது, ஆவணம் இருந்தது, படித்தும் பார்த்தார்கள், மனதில் ஒட்டவில்லை. பிரச்சினையை விவரிக்கிற அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் கோளாறு.

அந்த அக்காவின் ப்ரபோசலில் இருந்த வரி கிட்டத்தட்ட இப்படி: "கடலூர் மாவட்ட மீனவப் பெண்கள் சமூக, பொருளாதார ரீதியில் மிகவும் பின்தங்கியுள்ளனர். அவர்களுக்கு அதிகாரமளித்தல் காலத்தின் கட்டாயம்." இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் கடலூரை எடுத்துவிட்டு நாகப்பட்டினம் என்று போட்டாலும் வரி அப்படியே நிற்கும், ராமேஸ்வரம் என்று போட்டாலும் நிற்கும். ஊர்ப் பெயரை மாற்றினாலும் பொருந்துகிற பத்தியை அடித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இது, இதுவரை ஏமாற்றியதில்லை.

அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று அவர் கேட்டார். நான் எழுதச் சொல்லவில்லை, ஒரு நாள் அந்தப் பெண்களோடு போய்வரச் சொன்னேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கிறார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் போகிறார்கள். எத்தனை மணிக்கு விற்பனை மந்தமாகிறது, மிச்ச மீனை என்ன செய்கிறார்கள், ஐஸ் எங்கே வாங்குகிறார்கள், ஏலத்துக்குப் பணம் யாரிடம் என்ன வட்டிக்கு, கூடையோடு ஏறினால் பஸ்ஸில் என்ன சொல்கிறார்கள், எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றேன். மூன்று வாரம் குறித்தால் பத்தி தானாக இப்படி மாறும் (எண்கள் மாதிரிக்காக நான் போட்டவை): "நாங்கள் உடன் சென்று கவனித்த 24 பெண்களில் 17 பேர், பகல் ஒரு மணிக்குப் பிறகு மிச்ச மீனை வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடுகிறார்கள். மாலைவரை மீனைக் கெடாமல் வைக்கப் பெட்டி இல்லை என்பதே அவர்கள் சொல்லும் முதல் காரணம்."

இந்த இரண்டு வரியைப் படிக்கிறவருக்குக் கூடையும் தெரிகிறது, வெயிலும் தெரிகிறது, எதற்குப் பணம் கேட்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. மாவட்டப் புள்ளிவிவரம் ஒன்றிரண்டு வேண்டும்தான், ஆனால் அது உங்கள் நோட்டுக்குத் துணையாக வரட்டும்.

இன்னொன்று, முதலில் தமிழில் எழுதுங்கள். ஃபண்டர் ஆங்கிலத்தில் கேட்டாலும் சரி, உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தாலும் சரி. நேராக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் எங்கேயோ படித்த பெரிய சொற்கள்தான் கையில் வரும், துறைமுகத்தில் கேட்ட பேச்சு வராது. தமிழில் எழுதி, அந்தப் பெண்களில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டி, "ஆமாம், இப்படித்தான்" என்று அவர்கள் சொன்ன பிறகு மொழிபெயர்க்க ஆள் தேடுங்கள். படித்துக் காட்டும்போது அவர்கள் திருத்தம் சொல்வார்கள், அந்தத் திருத்தம் பொன்னானது.

அறிகுறி: "விளைவை எப்படி அளப்பீர்கள்?" என்று கேட்டார்கள்

நீங்கள் செய்யப்போகும் வேலையை எழுதிவிட்டு, அதனால் என்ன மாறும் என்பதை எழுதாமல் விட்டிருப்பீர்கள். மீன் விற்கும் பெண்களுக்கு 60 ஐஸ் பெட்டி கொடுப்பது வேலை. மாலை விற்பனை கூடி, மதியம் நஷ்டத்துக்குத் தள்ளுவது குறைவதுதான் விளைவு. முன்னதற்குக் கையெழுத்துப் பட்டியல் போதும். பின்னதற்குப் பெட்டி கொடுப்பதற்கு முன்பே ஓர் அளவு எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வருடக் கடைசியில் எதோடு ஒப்பிடுவீர்கள்? மேலே சொன்ன நோட்டே அந்த ஆரம்ப அளவு. அளவுகோல் இரண்டு மூன்று போதும், அதுவும் உங்கள் களப்பணியாளர் உண்மையிலேயே மாதாமாதம் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். பன்னிரண்டு அளவுகோல் எழுதிக் கொடுத்துவிட்டு எதையும் எடுக்காமல் விட்ட திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன், அடுத்த வருடம் அவர்களுக்குப் பணம் வரவில்லை.

அறிகுறி: பட்ஜெட்டில் கேள்வி மேல் கேள்வி

கேள்வி வந்தால் பாதி கிணறு தாண்டிவிட்டீர்கள், பயப்படாதீர்கள். பிடிக்காத திட்டத்தின் பட்ஜெட்டை யாரும் வரி வரியாகப் படிக்க மாட்டார்கள். அந்த அக்கா ஏழெட்டுக் கேள்வியைப் பார்த்துப் பயந்து, பதில் அனுப்பவே மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், அதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிட்டது. இரண்டு நாளில் பதில் போயிருக்க வேண்டும்.

மொத்தமாக "பொருட்கள்: 2,10,000" என்று போட்டால் கேள்வி வரத்தான் செய்யும். 60 பெட்டி, ஒன்று 3,500 ரூபாய், ஆக 2,10,000 என்று பிரித்துப் போடுங்கள், கூடவே இரண்டு மூன்று கடையின் விலைப்புள்ளி வையுங்கள். அடுத்து, திட்டத்தில் சொன்ன ஒவ்வொரு வேலைக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறதா, பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் திட்டத்தில் ஒரு வேலை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அக்காவின் தாளில் பெட்டி இருந்தது, தினமும் அதில் போடுகிற ஐஸுக்கு யார் காசு தருவது என்று எங்கேயும் இல்லை. ஃபண்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பெண்களே போடுவார்கள் என்றால் அதை எழுதுங்கள், அது அவர்கள் பங்களிப்பு, மதிப்பு கூடும்.

சம்பளத்தை ஒளிக்காதீர்கள். நிர்வாகச் செலவைச் சுழியம் என்று காட்டினால் ஃபண்டர் மகிழ்வார் என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் இருக்கிறது, அது தப்பு. களப்பணியாளர் பாதி நேரம் இந்தத் திட்டத்துக்கு என்றால் மாதம் 7,500, பன்னிரண்டு மாதத்துக்கு 90,000 என்று நேராகப் போடுங்கள். கணக்கெழுத, ஆடிட் செய்ய, போக்குவரத்துக்கு எல்லாம் காசு ஆகும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். சம்பளமில்லாமல் ஒரு பெண்ணை வருடம் முழுக்க வெயிலில் அலைய வைக்கும் திட்டத்தை நான் நல்ல திட்டம் என்று சொல்ல மாட்டேன். வரம்பு மட்டும் பாருங்கள், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 2020க்கு முன் அது 50 ஆக இருந்தது. மற்ற ஃபண்டர்கள் தங்கள் வரம்பைத் தாங்களே சொல்லியிருப்பார்கள்.

சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கும் சொத்து கம்பெனியின் பெயரில் இருக்க முடியாது. சிஎஸ்ஆர்-1 எண் உள்ள அமைப்போ, சுயஉதவிக்குழு மாதிரிப் பயனாளிகளின் அமைப்போ, அரசு அமைப்போதான் வைத்திருக்கலாம். பெட்டி, தையல் மெஷின், கட்டடம், எதுவானாலும் யார் பெயரில், பழுதானால் யார் பார்ப்பது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

அறிகுறி: கால அட்டவணையைப் பார்த்து நம்பவில்லை

அட்டவணையில் மாதம் 1, மாதம் 2 என்று போட்டுவிட்டு நாட்காட்டியைப் பார்க்காமல் விட்டால் இது நடக்கும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மீன் விற்கும் பெண்களின் வரும்படியை அளந்தால் ஆரம்ப அளவே தப்பாகிவிடும், ஆனால் பயிற்சி வைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தானே புயல் வந்தது டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது 2024 நவம்பர் 30, சுனாமியும் டிசம்பர் 26தான். அந்த மூன்று மாதத்தில் கட்டுமானமோ பெரிய கூட்டமோ போடாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி சம்பந்தமான திட்டம் என்றால் அறுவடைக் காலத்தில் எந்தப் பெண்ணும் கூட்டத்துக்கு வர மாட்டார். இதையெல்லாம் அட்டவணைக்குக் கீழே ஒரு பத்தியாக விளக்கினால், இவர்கள் அந்த மண்ணில் இருக்கிறவர்கள் என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.

அறிகுறி: நேரில் வந்து பார்த்தார்கள், அப்புறம் சத்தமே இல்லை

ப்ரபோசலில் ஒன்று இருந்தது, தெருவில் வேறு கேட்டது. வந்தவர் களப்பணியாளரிடம் "இந்தத் திட்டம் எதற்கு?" என்று கேட்டிருப்பார், அவருக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் ப்ரபோசலை ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதி அனுப்பியிருப்பார். எனக்கும் இது நடந்திருக்கிறது. 2012இல் நான் எழுதிய ஒன்றில் ஊருக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று இருந்தது. வந்தவர் நான்கு பெண்களிடம் பேசினார், நான்கு பேரும் குடிதண்ணீர் உப்புக் கரிக்கிறது, அதற்கு வழி செய்யுங்கள் என்றார்கள். நான் கேட்காமலே எழுதியிருந்தேன். அந்தப் பணம் வரவில்லை, வராததும் நியாயம்தான்.

வருகைக்கு முன் கோலம், மாலை, வரவேற்புத் தட்டி எல்லாம் வேண்டாம். களப்பணியாளர்களோடு உட்கார்ந்து ப்ரபோசலை ஒருமுறை சேர்ந்து படியுங்கள். வந்தவரை மக்களோடு தனியாகப் பேசவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். கணக்குப் புத்தகம், வவுச்சர், தீர்மானப் புத்தகம் மூன்றும் அன்றைய தேதிவரை எழுதியிருக்கட்டும்.

அறிகுறி: "பணம் நின்ற பிறகு என்ன ஆகும்?"

"சமூகமே ஏற்று நடத்தும்" என்று ஒற்றை வரி எழுதினால் யாரும் நம்புவதில்லை. வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் சோறு போடுகிறார்கள், அரிசியும் காய்கறியும் மக்கள் கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே யார் எதைத் தருகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் தாளிலும் அது தெரிய வேண்டும்: பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் குழுவில் மாதம் எவ்வளவு போடுவார், அந்தப் பணம் எந்தக் கணக்கில் சேரும், மூன்றாம் வருடம் பெட்டி மாற்ற அது போதுமா. போதாது என்றால் போதாது என்றே எழுதி, மீதிக்கு எங்கே கேட்பீர்கள் என்று சொல்லுங்கள்.

அறிகுறி: முதல் வருடம் கிடைத்தது, இரண்டாம் வருடம் இல்லை

அறிக்கை தாமதமாகப் போயிருக்கும், அல்லது எல்லாம் சிறப்பாக நடந்தது என்று மட்டும் போயிருக்கும். பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் சொன்ன தேதிக்குப் போக வேண்டும், எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால் எஃப்சி-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் தாக்கலுக்கு டிசம்பர் 31 கடைசி. ஒரு இனத்தில் மிச்சமான பணத்தை இன்னொன்றில் செலவழிக்க வேண்டுமானால் செலவழிப்பதற்கு முன் எழுதிக் கேளுங்கள், பிறகு சொல்வதை யாரும் விரும்புவதில்லை.

புயல், வெள்ளம் என்று வேலை நின்றால் அறிக்கைத் தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே ஃபண்டருக்குப் போன் செய்யுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர், எத்தனை பெட்டி போயிற்று, எப்போது மறுபடி தொடங்க முடியும் என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே அதையே நான்கு வரி மெயிலாகவும் போட்டுவிடுங்கள்.